முறியாத தாடை

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் தழுவிக் கிடக்கும் திருவரங்கத் தீவின்மேல் மாலைச் செங்கதிர் பொன்னீர் தெளிக்க, மலைக்கோட்டையின் நிழல் சிராப்பள்ளித் தெருக்களில் மெல்ல நீள, கே.கே. நகரை அடுத்த ஆய்வுக்கூடமொன்றில், உலோகங்களை ஆராயும் லின்சி என்பாள் சோதனைப் பொறியை இமை கொட்டாது நோக்கி நின்றாள்.

அவள் கணவன் ரெஜிஸ், வகுப்பறை அதிரப் பாடம் நடத்திய பள்ளியாசிரியன். புற்றுநோய் அவன் கீழ்த்தாடையைக் கொண்டுபோக, அதனிடத்தில் பொருத்திய டைட்டேனியத் தாடையும் முறிந்துவிட, குழாய்வழிக் கஞ்சியே உயிரைப் பிடித்து வைத்திருந்தது. இன்னுமோர் அறுவையைத்தான் அவனுடல் தாங்கும் என்றனர் மருத்துவர். உலோகத்தூளை ஒளிக்கற்றையால் உருக்கிப் படலத்தின்மேல் படலமாய்த் தாடையை எழுப்புகையில், உலோகத்தினுள்ளிருக்கும் படிக மணிகள் கரும்புக்கொல்லைபோல் ஒரே திசையில் நெடிது வளர்வதும், அவற்றின் இடுக்குவழியே விரிசல் ஓடுவதும் கண்ட லின்சி, செம்பு சிறிது சேர்த்து அம்மணிகளை நுண்ணியவாக்க முயன்றாள். செம்பு மிகுந்தால் நொறுங்கிற்று. குறைந்தால் பழையபடி பிளந்தது. இறுதியில் ஒரு கலவை எத்தகைய இழுப்புக்கும் ஈடுகொடுக்க, அதிலேயே தாடையும் உருவாக, அறுவைக்கு நாளும் குறித்தாயிற்று. எஞ்சியது, மெல்லும் வாயைப்போல் ஓயாது வளைத்துப் பார்க்கும் சோதனை ஒன்றே.

அதுவும் முடியுந் தறுவாயில் பொறிக்குள் மெல்லியதோர் ஒலி. மாதிரித் துண்டு இரண்டாய்க் கிடந்தது.

"இழுத்துப் பார்த்த முடிவை மட்டும் டாக்டருக்கு அனுப்பிடலாம்க்கா. அண்ணன் உடம்பு இதுக்குமேல தாங்காது," என்றாள் உடன் பணிபுரியும் வேணி. லின்சியின் நெஞ்சும் அதையே கெஞ்சிற்று. அந்நிலையில் எவர்தாம் தடுமாறார், அன்புடையீர்!

வீடு சென்று கட்டிலருகே அமர்ந்தவள், "என்னங்க, புதுசும் உடையுதுங்க. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்குவீங்களா?" என்றாள்.

ரெஜிஸ், "பசிக்குது லின்சி," என்று குழறினான்.

அவள் அழுதாள், ஆயினும் அறுவையை நிறுத்தினாள்.

கலவையைத் திருத்துமுன்னே நோய் கழுத்தில் மீண்டும் தலைகாட்ட, காவிரியில் புதுப்புனல் வந்த நாளில் ரெஜிஸ் கண்மூடினான். கல்லறை மண் காயுமுன் ஆய்வுக்கூடம் திரும்பிய லின்சி, வெறிகொண்டவள்போல் செம்பைக் குறைத்து, இரும்பு சிறிது கூட்டி, சூட்டில் பதப்படுத்திச் சமைத்த கலவை, சோதனை முழுதும் ஓடி ஓய்ந்த பின்னும் முறியவில்லை.

அதில் உருவான தாடையை முதலில் பெற்றவள், தொட்டியத்து வாழைத்தோட்டங்களில் உழைத்த மாரியாயி. புண் ஆறியபின் மருத்துவமனைக் கட்டிலில் அமர்ந்து, குழைந்த சோற்றை ஒரு வாய் மென்று விழுங்கியவள், "மெல்ல முடியுது தாயி!" என்று சிரித்தாள்.

"இன்னொரு வாய் சாப்பிடுங்கம்மா," என்றாள் லின்சி.

ஒருவன் பசி தீர்க்கப் பிறந்த அறிவு, அவனுக்குப் பிந்தி வந்து, முன்பின் அறியாத ஒருத்திக்கு உணவாயிற்று. அதனைப் பேறென்பதோ இழப்பென்பதோ அறியாதவளாய், கண்ணீர் வழிய, லின்சி அடுத்த கவளத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.