ஏழாம் அறையின் குளியலறை

ஆகஸ்ட் பதினான்கு, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். காலையிலிருந்து மிரட்டிக்கொண்டிருந்த வானம் இன்னும் பெய்யவில்லை, காற்றும் இல்லை. தலைநகரின் மிகப் பெரிய அரசு மருத்துவமனையில், நடைபாதை நெடுகப் பாய்களில் கிடந்த நோயாளிகளை மிதிக்காமல் ஒதுங்கி நடந்துவந்த தலைமைச் செவிலியர், கண்காணிப்பாளரின் மேசைமேல் ஒரு தாளை வைத்தார். ஏழாம் அறையை மூடும் உத்தரவு அது. கையெழுத்து மட்டும் பாக்கி.

“வெளிய கால் வைக்க இடமில்ல. காலியா இருக்கிற ஒரே ரூமையும் மூடச் சொல்றீங்க. உங்க அண்ணியத்தானே இன்னிக்கு அங்க மாத்தறோம்? உங்க அண்ணன் என் உயிர எடுத்து வாங்கின ரூம்மா அது.”

“அதனாலதான் சார் அவசரம்.”

ஆண்டின் தொடக்கத்தில் நோயாளி ஒருவர் அந்த அறையின் குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்தார். பிறகு கால் எலும்பு முறிவுக்கும் குடலிறக்கத்துக்கும் சிறுநீரகக் கல்லுக்குமாக அங்கே படுத்த மூவர், ஒருவர் பின் ஒருவராக நுரையீரல் காய்ச்சலில் போனார்கள். காய்ச்சல் காணுமுன் மூவரும் கேட்ட கேள்வி ஒன்றே: உள்ளே யார் குளிப்பது?

“பேய்க்குப் பயந்து ரூம மூடினேன்னு மேலிடத்துக்கு எழுதவா?”

“பேய் இல்ல சார். பேய்க்குப் பயந்ததுதான் வினை.”

புழங்காத குழாயைத் தினமும் திறந்து ஓடவிட வேண்டும் என்பது மருத்துவமனையின் விதி. விழுந்தவர் இறந்தபின் துப்புரவுப் பெண்கள் பேய்க்குப் பயந்து அந்தக் குளியலறைக் கதவைத் திறக்கவேயில்லை. மாதக்கணக்கில் தேங்கிய நீரில் கிருமி பெருகியது. மோட்டார் ஓடும்போதெல்லாம் பழுதான ஷவர் யாரோ குளிப்பதுபோல் தானாகப் பீய்ச்ச, கதவுக்கு மேலிருந்த இடைவெளி வழியே ஈரம் கட்டில்வரை வந்தது. இது செவிலியரின் கணிப்பு.

“தண்ணி டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்.”

“ஒரு வாரம் ஆகும். அண்ணிக்கு மூச்சு விடறதே பாதி நுரையீரல்ல.”

“அப்ப குழாய மட்டும் அடைங்க.”

“காலையிலயே அடைச்சாச்சு. ஆனா சுவரெல்லாம் ஊறிக் கிடக்கு. கழுவிக் காயவைக்காம யாரையும் படுக்க வைக்கக் கூடாது சார்.”

நேரில் பார்த்துவிடுவதாகக் கண்காணிப்பாளர் தாளோடு எழுந்தார்; செவிலியரும் கூட நடந்தார். ஏழாம் அறைக்குள் குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. குழாய்க்காரர் அறுத்தெடுத்த குழாய்த் துண்டைக் கையில் வைத்திருந்தார்.

“அறுத்து மூடியும் போட்டாச்சு சார். இனி காத்துகூட வராது.”

மூவரும் காதுகொடுத்தார்கள். எந்தச் சத்தமும் இல்லை. கண்காணிப்பாளர் கையெழுத்திடாத தாளை மடிக்கத் தொடங்கினார்.

அப்போது அண்ணன், சக்கர நாற்காலியில் அண்ணியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

“தங்கச்சி இங்க பெரிய நர்ஸுன்னு பேரு. ஒரு ரூமுக்கு நான் ஊரான் கால்ல விழ வேண்டியிருக்கு. இப்ப இதுக்கும் முட்டுக்கட்டையாம்மா?”

“அண்ணே, கொஞ்சம் பொறு.”

“பொறுத்துப் பொறுத்துத்தான் நடைபாதையில கிடக்கிறா.”

அண்ணி முகக்கவசத்தை மெல்ல விலக்கினார். அங்கே இறந்த மூவர் கேட்டதைப் பற்றி அவரிடம் யாரும் வாய் திறந்ததில்லை.

“ஏங்க, உள்ள யாரோ குளிக்கிறாங்களே. அவங்க வந்ததும் போலாம்.”

குழாய்க்காரர் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். செவிலியர் தரையைப் பார்த்தார். சாத்திய கதவின் அடியிலிருந்து, விரல் அகலத்தில் ஈரம் அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

கண்காணிப்பாளர் மடிப்பைப் பிரித்து, தாளை நடைபாதைச் சுவரில் வைத்துக் கையெழுத்திட்டார். தேதியும் நேரமும் எழுதி அண்ணனிடம் நீட்டினார். ஒரு கையால் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே, மறு கையால் அண்ணன் அதை வாங்கிக்கொண்டார்.