ஜன்னலோரக் கொக்கி

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் நசருல்லா பாயின் பட்டறையிலிருந்து எந்தச் சாமான் வெளியே போனாலும் அதில் ஏழு என்ற எண் குத்தியிருக்கும். அது ரோஷன் பீயின் முத்திரை. பன்னிரண்டு வருஷமாக அங்கே அவள்தான் செக்கர். அளவு பார்ப்பாள், வளைத்துப் பார்ப்பாள், மனசுக்குச் சரியென்று பட்டால்தான் சுத்தியலை எடுப்பாள். படாவிட்டால் முதலாளியே வந்து கெஞ்சினாலும் அந்தச் சாமான் கழிவு டின்னுக்குத்தான் போகும். நசருல்லா பாய்க்கு அவள்மேல் எரிச்சல் வராத நாள் கிடையாது. அவள் பார்க்காமல் ஒரு லோடு அனுப்பவும் அவருக்குத் துணிச்சல் கிடையாது.

அப்பேர்ப்பட்டவள் தலையில்தான் 1989 ஆடி மாசம் பழி வந்து விழுந்தது.

விஷயம் இதுதான். அதுவரைக்கும் ஓசூர் வழியாகப் போகிற பாசஞ்சர் ரயிலில் ஜன்னல் கதவெல்லாம் மரம். மழையில் ஊறி உப்பிக்கொண்டால் இரண்டு ஆள் தொங்கினாலும் இறங்காது. அதை மாற்றி அலுமினிய ஷட்டர் போட ரயில்வேயில் முடிவு செய்தார்கள். தூக்கிவிட்ட ஷட்டர் கீழே விழாமல் கவ்விக்கொள்ள, ஜன்னலுக்கு இரண்டு ஸ்பிரிங் பிடிகள். விரலால் உள்பக்கம் அழுத்தினால் விடும், விரலை எடுத்தால் கவ்வும். முதலில் நான்கு பெட்டிகளில் மாட்டிப் பார்ப்பது, தேறினால் நூறு பெட்டிக்கு ஆர்டர் என்று பேச்சு. பிடி செய்கிற வேலை நசருல்லா பாய்க்கு வந்தது. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பட்டறையில் சோதனையும் ஒழுங்காகத்தான் நடந்தது. பிரஸ் ஓட்டுகிற முனிவேல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரே பிடியைப் பத்தாயிரம் தடவை அழுத்தினான். கட்டைவிரல் வீங்கியதே தவிர பிடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ரோஷன் பீ திருப்தியாக முத்திரை குத்தி அனுப்பினாள்.

மூன்றே வாரம்தான். பாதிப் பிடிகள் வளைந்து தொங்கின. ஒருநாள் ஓடுகிற ரயிலில் ஷட்டர் தடாலென்று விழுந்து ஒரு பயணியின் இரண்டு விரல் நசுங்கிப் போயிற்று. பதினைந்து நாளில் காரணம் சொல்லவில்லையென்றால் ஆர்டர் ரத்து என்று கடிதம் வந்தது. வளைந்த பிடிகளையும் ஒரு சாக்கில் கட்டித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஏழு.

நசருல்லா பாய் சாக்கை அவள் மேஜையில் கொட்டினார். இரும்பு மட்டமானது என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டதாகச் சொன்னார். சத்தம் போடவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் உறைத்தது.

"பாத்துக் குத்துனது நீ. காரணம் தெரியலன்னா ஆர்டரும் போச்சு, நீயும் வேற எடம் பாத்துக்க வேண்டியதுதாம்மா."

ரோஷன் பீக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை போனால் மூக்கண்டப்பள்ளியில் நாற்பது பட்டறை இருக்கிறது, பிழைத்துக்கொள்வாள். ஆனால் மட்டமான இரும்பில் முத்திரை குத்தினவள் என்ற பேரோடு எந்தப் பட்டறைப் படி ஏறுவது? வளைந்த பிடிகளை எடுத்து அரத்தால் ராவிப் பார்த்தாள், வெட்டிப் பார்த்தாள். இரும்பில் ஒரு குறையும் இல்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. விரல் அழுத்துவது உள்பக்கமாக. இவை வளைந்திருப்பதோ கீழ்ப்பக்கமாக. பட்டறையில் நடக்காத என்னமோ ரயிலில் நடக்கிறது என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது.

அவள் சூளகிரிக்காரி. அந்த ஊருக்கு ரயில் கிடையாது, பிறந்ததிலிருந்து பஸ்தான். ரயிலில் நாலைந்து தடவை கல்யாணம் காட்சிக்குப் போயிருப்பாளோ என்னவோ. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஒயர் கூடையில் எலுமிச்சைச் சோறு, தண்ணீர் பாட்டில், அளவெடுக்கிற வெர்னியர், நோட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு ராயக்கோட்டைக்குப் பஸ் பிடித்தாள். அங்கிருந்து ஓசூர் வருகிற பாசஞ்சரில், புது ஷட்டர் மாட்டிய பெட்டியாகப் பார்த்து ஏறினாள்.

அடேயப்பா, என்ன கூட்டம். ஜெனரல் ஷிஃப்டுக்குப் போகிற ஃபேக்டரி ஆட்கள் பாதி, பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போகிற கொத்தமல்லிக் கட்டும் தக்காளிக் கூடையும் பாதி. மேலே சாமான் வைக்கிற பலகையில் கொத்தமல்லி. கீழே காலுக்கடியில் தக்காளி. நடுவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒரே இரைச்சல். ரோஷன் பீ ஒரு ஜன்னலோரமாக நெருக்கியடித்து நின்று வெர்னியரை எடுத்தாள். இடது பக்கத்துப் பிடியை அளந்தாள், நோட்டில் எழுதினாள், மறுபடி அளந்தாள். கெலமங்கலம் தாண்டியது. ஒரு வெங்காயமும் புரியவில்லை.

சரி, வலது பக்கத்தையும் பார்ப்போம் என்று திரும்பினாள். அதன்மேல் ஒரு கூடை தொங்கிக்கொண்டிருந்தது. யாருடைய கூடை, எடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அது அவளுடைய கூடை.

எப்போது மாட்டினாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. வெர்னியரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கீழே வைத்தால் மிதிபடும், மேலே இடமில்லை, கண்ணெதிரே நீட்டிக்கொண்டிருந்தது பிடி. கை பாட்டுக்கு மாட்டிவிட்டது. நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தாள். ஜன்னலுக்கு ஜன்னல், பிடிக்குப் பிடி, சாப்பாட்டுக் கூடைகள் ஆடிக்கொண்டிருந்தன. சாம்பார் சிந்தாமல் ஃபேக்டரி போய்ச் சேர வேறு என்ன வழி இருக்கிறது அவர்களுக்கு? ரோஷன் பீக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சிரிப்புதான் ஜெயித்தது.

பதினான்காம் நாள் ரயில்வே அதிகாரி பட்டறைக்கு வந்தார். ரோஷன் பீ கூடை விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. அப்படியானால் சாமானில் குறையில்லை, பயணிகளின் தவறுதான், பை மாட்டாதீர்கள் என்று மூன்று மொழியில் போர்டு எழுதிவிட்டால் முடிந்தது என்றார். நசருல்லா பாய் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி டீ கொண்டுவர ஆள் அனுப்பினார். ஆர்டர் தப்பியது, அவள் பேரும் தப்பியது. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு ஒரு வம்பும் இல்லை.

அவளால் முடியவில்லை. போர்டைத் தொங்கவிட்டால் விரல் நசுங்காமல் இருக்குமா?

"சார், நான் செக்கர். இந்தப் பிடியில முத்திர குத்துனவளே நான்தான். என் கூடையையே நான் அதுல மாட்டிட்டு நின்னேன். போர்டு என்னாங்க சார் பண்ணும்?"

நசருல்லா பாயின் முகம் செத்துப் போயிற்று. முனிவேல் பிரஸ்ஸை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அதிகாரி, டிசைனை மாற்ற மேலிடத்தில் கேட்டால் ஒரு வருஷம் ஆகும் என்றார், குரலில் அலுப்போடு.

பிடியைத் தொடவே வேண்டாம் என்றாள் ரோஷன் பீ. பிடிக்கு ஒரு சாண் மேலே, ஜன்னலின் இரண்டு பக்கமும் தனியாகக் கொக்கி ஒன்று வைத்தால் போதும். கைக்கு முதலில் தட்டுப்படுவது எதுவோ அதில்தான் சனங்கள் மாட்டும். பிடி வெட்டி மிச்சமாகிற இரும்புப் பட்டையே கொக்கிக்குக் காணும். சொன்னதோடு நிற்காமல், முனிவேலை வைத்து முந்தின நாளே அடித்து வைத்திருந்த ஒரு கொக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதிகாரி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாப்பாட்டுக் கூடை என்ன எடை இருக்கும் என்று கேட்டார். மிஞ்சிப் போனால் நான்கு கிலோ என்றாள்.

"அப்ப பத்து கிலோ தாங்கும்னு எழுதிக்கிறேன். அதே நாலு பெட்டியில போட்டுப் பாப்போம்," என்றார்.

அவர் ஜீப் போனதும் நசருல்லா பாய் அவளைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். தானாகக் கிடைத்த ஆர்டரைத் தட்டிவிடப் பார்த்தாயே என்று கால் மணி நேரம் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, கொக்கியின் முனை கையைக் கிழிக்காமல் உருட்டிவிடச் சொன்னார்.

கொக்கி மாட்டினபிறகு ஒரு பிடிகூட வளையவில்லை. நூறு பெட்டிக்கும் ஆர்டர் வந்தது. தை மாசம் தர்மபுரியில் ஒரு கல்யாணத்துக்கு ரோஷன் பீ ரயிலில்தான் போனாள், பஸ்ஸில் போக மனசு வரவில்லை. கொக்கி கொக்கியாகக் கூடைகள் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ராயக்கோட்டையில் ஒரு இளம் தாய் ஏறினாள். பேர் ராஜாத்தி, பாலக்கோடு தாண்டிப் போகிறவள். தோளில் ஆண் குழந்தை, காய்ச்சலில் சிணுங்கிக்கொண்டிருந்தது. உட்கார இடம் கிடைத்தும் குழந்தை மடியில் படுக்க மாட்டேன் என்றது. ராஜாத்தி ஜன்னலை ஒரு பார்வை பார்த்தாள். பையிலிருந்து பழைய சேலையை எடுத்து, ஒரு முனையை இந்தக் கொக்கியிலும் மறுமுனையை அந்தக் கொக்கியிலும் முடிந்து, அரை நிமிஷத்தில் தூளி கட்டிவிட்டாள்.

இதை ரோஷன் பீ நினைத்துப் பார்க்கவேயில்லை. எழுந்து குழந்தையை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள். பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. ரயில்வே காகிதத்தில் பத்து கிலோ.

ராஜாத்தி ஒன்றும் புரியாமல் பார்த்தாள். "தாங்காதாக்கா?" என்றாள்.

அந்தக் காகிதத்தில் இல்லாதது ஒன்று உண்டு. பட்டறையில் யாருக்கும் தெரியாமல், லேத்துக்குப் பின்னால், ஒரே கொக்கியில் நாற்பது கிலோ கழிவு இரும்பைச் சாக்கில் கட்டி மூன்று நாள் தொங்கவிட்டிருந்தாள் ரோஷன் பீ. முனிவேலுக்கு மட்டும் தெரியும். பத்து கிலோ என்று எழுதிக்கொடுத்தால் சனங்கள் பத்து கிலோவோடு நிற்கமாட்டார்கள் என்று அவளுக்கு ஒரு எண்ணம். கொக்கி அப்போது அசையவில்லை. ஆனால் அது பட்டறைச் சுவர், இது ஓடுகிற ரயில்.

குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கொக்கியின் திருகாணிகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் தூளிச் சேலையைப் பிடித்து, பெட்டியில் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க, காலை மடக்கித் தன் முழுப் பாரத்தையும் அதில் தொங்கவிட்டாள். ரயில் மாரண்டஹள்ளிப் பக்கத்து வளைவில் குலுங்கிக்கொண்டே போயிற்று. அவள் காலூன்றி நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"தாங்கும்மா," என்றாள். "படுக்க வை."