பொடித்த மாத்திரை

நெஞ்சுப் படபடப்புக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அவரை விதையைவிடப் பெரிது. எனக்கோ சின்ன வயதிலிருந்தே மாத்திரை தொண்டையில் இறங்காது. தலைச்சுமையாகச் செங்கல் தூக்குகிறவன், அந்த ஒன்றுக்கு முழி பிதுங்கி நிற்பேன். பார்க்கப் பொறுக்காமல் என் மனைவி அதை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கித் தேனில் குழைத்துக் கொண்டுவருவாள்.

"வாயைத் திறங்க ராசா," என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் வம்பே வந்தது. காலையில் கட்டடத்துச் சாரத்தில் ஏறினால் தலை சுற்றியது. சாயங்காலமானால் பழைய படபடப்பு. ஒருநாள் கலவைச் சட்டியோடு தள்ளாடினேன். மேஸ்திரி எட்டிப் பிடித்தார்.

"கீழே போய் மணல் சலி. டாக்டர் சரின்னு சொன்னாத்தான் மேலே. மணலும் தீர்ந்துட்டா உனக்குக் கொடுக்க எங்கிட்ட வேலை இல்லப்பா."

வீட்டில் சொன்னதும் அவள் கொதித்துப்போனாள். "அந்த மாத்திரைதான் உங்களை ஆட்டி வைக்குது. நாளையிலேருந்து வேண்டாம்."

"கேட்டுட்டு நிறுத்துவோம்மா."

ஆஸ்பத்திரியில் தலைசுற்றலையும் படபடப்பையும் சொன்னதும், மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறேன் என்று நர்ஸ் விசாரித்தாள். என் மனைவி கரண்டி, தேன் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னாள். நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ அம்மா, இது மெல்ல மெல்லக் கரையுற மாத்திரை. நாள் முழுக்க உடம்புல மருந்து ஒரே சீரா இருக்கணும். நசுக்கினா மொத்தமும் காலையிலேயே இறங்கிடும். அதான் பிரஷர் குறைஞ்சு தலை சுத்துது. சாயங்காலத்துக்கு மிச்சமே இருக்காது."

"நிறுத்திடலாம்னு இருந்தேன்..." என்று இழுத்தாள் என் மனைவி.

"அது இதைவிட ஆபத்து. சட்டுனு நிறுத்தவே கூடாது. முதல்ல ஒரு வாய் தண்ணியில தொண்டையை நனைச்சுட்டு, முழுசா முழுங்கச் சொல்லுங்க."

எனக்கு உடனே பிடிபட்டது. புதுக் கான்கிரீட் தளத்துக்குக் காலையில் ஒரே அடியாகத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனால் அது ஓடிவிடும், மத்தியானம் தளம் காய்ந்து வெடிக்கும். ஈரச்சாக்கு போர்த்தி வைத்தால்தான் ஈரம் நிற்கும்.

வெளியே வந்ததும் அவள், "நானே உங்களைக் கொல்லப் பார்த்திருக்கேன்," என்றாள்.

"தேன் ஊட்டியா? நீ நல்ல கொலைகாரிதான் போ."

தோளில் ஒரு அடி விழுந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மாத்திரை தொண்டை வரைக்கும் போய்த் திரும்பியது. அவள் என் முதுகைத் தடவிக்கொண்டு, "முழுங்குங்க, முழுங்குங்க," என்று தானும் வெறும் எச்சிலை விழுங்கினாள். எப்படியோ இறங்கியது. நாளாக நாளாகத் தலைசுற்றல் விட்டது; சாயங்காலப் படபடப்பும் அடங்கியது. டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, மேலே வேலை செய்யலாம் என்றார்.

நான் சாரம் ஏறிய முதல் நாள் சாயங்காலம், கீழே அவள் குரல்.

"ஏங்க! இப்ப படபடன்னு இருக்கா?"

கட்டடமே சிரித்தது. "இல்லம்மா, நீ வீட்டுக்குப் போ!" என்று கத்தினேன். அவள் நகரவில்லை.

"நம்பிக்கை இல்லேன்னா நீங்களே ஏறி வந்து நெஞ்சைத் தொட்டுப் பாருங்கம்மா," என்றார் மேஸ்திரி.

"ஏணி ஆடாதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே அவள் செருப்பைக் கழற்றினாள்.