ஃபிளாஷ்பேக்கில் இருப்பவள்

பஸ்ஸில் அந்தப் பெண் வாயைத் திறந்துகொண்டு அவன் தோளில் தூங்கும் காட்சியை மறுபடியும் குறைத்தேன். படம் இழுக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு அவளைக் கண்டாலே ஆகவில்லை. படத்தில் இரண்டு காதல். ஃபிளாஷ்பேக்கில் இவள், இன்றைய கதையில் இன்னொருத்தி, இரண்டுக்கும் ஒரே கதாநாயகன். எழுதி இயக்கியவர் என் வீட்டுக்காரர், எடிட்டர் நான். கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு ஒருத்தி இருந்தாள் என்று ஊருக்கே தெரியும், அவர் மட்டும் வாயைத் திறந்ததில்லை. அவள்தான் இவள் என்று முடிவுகட்டிவிட்டேன். இன்றைய கதையில் அடக்கமாக, அழகாகச் சிரிக்கிறாளே, அவள் நான். வேண்டாம் என்றா சொல்வேன்? அதனால் ஃபிளாஷ்பேக்காரி செருப்பைத் தூக்கி எறிவது போயிற்று, தியேட்டரில் ஓயாமல் பேசிப் பக்கத்து சீட்டுக்காரரிடம் திட்டு வாங்குவதும் போயிற்று.

சாயங்காலம் அவர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"ஏம்மா, பழைய கதைய இப்படிக் கொத்திப் போட்டிருக்க?"

"யாருக்கு வேணும் அந்த ராங்கிக்காரி?"

"அடிப்பாவி, அது நீதானே!"

நான் வாயைத் திறந்துகொண்டு தூங்குவேன் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? செருப்பை எறிந்தது ஞாபகம் இருந்தது. ஆனால் என் ஞாபகத்தில் அது நியாயமான கோபம். சிரித்துவிட்டேன். சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்து பாதியில் எதிலோ இடித்துக்கொண்டது.

"அப்ப இப்போ வர்றவ யாரு?"

"அதுவா? சும்மா கற்பனை. படம்னா ரெண்டு ஜோடி வேணாமா?"

"நம்ம கதை ஏங்க ஃபிளாஷ்பேக்ல போச்சு?"

"நடந்து எவ்ளோ வருஷமாச்சு!"

சரியான பதில்தான். பொய் சொன்னால் காதைத் தடவுவார், தடவவும் இல்லை. ஆனால் கற்பனைப் பெண்ணுக்கு எதற்கு லிஃப்டில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம்? யார்மேல் பொறாமைப்படுவது என்றே தெரியவில்லை. வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்தால் நான் திரும்பி வருவேன், ஆனால் பழைய கதைக்குள்தான் வருவேன். பயமாக இருந்தது. கேட்டால் சண்டை, கேட்காவிட்டால் தூக்கம் போகும்.

இன்றைய கதையை ஓடவிட்டேன். லிஃப்ட் கதவு திறந்து அவள் சிரித்தாள்.

"இந்தச் சிரிப்ப மட்டும் இன்னும் கொஞ்சம் நீட்டேன்" என்றார்.

நீட்டினேன். நீட்டியதைப் போட்டுக் காட்டிவிட்டு, திரையைப் பார்க்காமல் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்தினேன். திரையில் சிரிப்பு நின்றது. அவர் முகத்தில் நிற்கவில்லை.