சீட்டும் கண்ணாடியும்

பழைய லாரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் அருங்காட்சியகத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் சம்பளம் வாங்காமல் லாரி துடைக்க ஒருத்தி போகிறாள் என்றால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அங்கிருந்த முப்பத்திரண்டு லாரிகளில் அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். கடைசி வரிசையில் சுவரோரம் நிற்கிற பச்சை லாரி. அதை ஓட்டியவன் அவள் கணவன்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், சரக்கு இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டிய அந்த லாரி ஆற்றுப் பாலத்தருகே தனியாக நின்றது. சாவி அதிலேயே இருந்தது. ஆளைக் காணோம். தேடாத இடமில்லை. கடைசியில் அவளுடைய அண்ணன்தான், ஆறடி மனிதன், வாசலில் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றான். "வேற ஒருத்தியோட பஸ் ஏறினத என் கண்ணால பாத்தேம்மா. அவன மறந்துடு." இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் டிரைவர்கள். கூடப்பிறந்தவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்? அன்றிலிருந்து கணவனைத் திட்டாமல் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கியதில்லை.

லாரியைப் போலீஸ் கட்டி இழுத்துக்கொண்டு போனது. வழக்கு என்ற பெயரில் அது வெயிலிலும் மழையிலும் கிடந்து, இற்றுப்போய், போன வருடம்தான் கிரேனில் இங்கே வந்து இறங்கியது. அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பு ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக். எல்லோருக்கும் அவர் 'கிரீஸ்'. முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார். "தூசி தட்டு, எண்ணெய் போடு. ஆனா வந்த வண்டி வந்தபடியே இருக்கணும். கண்ணாடியக்கூடத் திருப்பக் கூடாது."

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து அவள் துடைப்பாள். கால் கிளட்சுக்கு எட்டாமல் தொங்கும். பக்கவாட்டுக் கண்ணாடியில் கூரைத் தகரம் மட்டும்தான் தெரியும். பக்கத்துக் காலி சீட்டைப் பார்த்து, "நல்லாருக்கியாய்யா? அவ வயிறார சாப்பாடு போடுறாளா?" என்று கேட்பாள். சில நாள் அந்த சீட் லேசாக முனகும், யாரோ இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்த மாதிரி. பயமில்லை. திட்டுவதற்கு எதிரே ஆள் இருந்தால் நல்லதுதானே.

பதினோராவது மாதம் சீட்டுக்கு அடியில் எண்ணெய் போடக் குனிந்தவள் அப்படியே நின்றாள். சீட் கடைசி வரை பின்னால் போய், அது நகரும் இரும்புத் தடத்தோடு துருப்பிடித்து ஒட்டிக் கிடந்தது. அவள் கணவன் அவள் உயரம்தான். சீட்டை முழுசாக முன்னால் இழுக்காமல் அவனால் வண்டியை நகர்த்தவே முடியாது.

"இத யாராவது பின்னால தள்ளினீங்களா?" என்று கிரீஸிடம் கேட்டாள்.

"துரு தின்ன சீட்ட யாரு தள்ளுறது? கடைசியா ஓட்டினவன் வச்சது. கண்ணாடியும் அப்படியே இறுகிக் கிடக்கு. நல்ல ஒசரமான ஆளு போல."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பாலத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது அவனில்லை. ஒரு குற்றமும் செய்யாதவனை இருபத்தாறு வருடமாகத் திட்டியிருக்கிறாள். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்தில் உட்கார்ந்து வாய்திறக்க முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தானோ என்னவோ. அப்படியானால் ஓட்டியவன் யார்? இதை யாரிடம் போய்க் கேட்பது? அண்ணனை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.

அண்ணன்தான் வாராவாரம் ஸ்கூட்டரில் கொண்டுவந்து வாசலில் விடுவான். ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. "பழைய இரும்பப் பாக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" என்பான். அடுத்த ஞாயிறு அவள் அவன் கையை விடவில்லை.

"நீ வண்டி ஓட்டினவன். ஏறிப் பாத்து எனக்கு ஒண்ணு சொல்லணும். வாண்ணே."

பச்சை லாரியைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போனது. மச்சான் நினைப்பு வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள், பாவம். அவன் ஏறி உட்கார்ந்தான். கால் அளவாகக் கிளட்சில் போய் நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்தான். பின்சக்கரத்தருகே நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிரீஸ் வந்து சிரித்தார். "இதுல ஏறுற டிரைவருங்க எல்லாம் மொதல்ல கண்ணாடியப் பிடிச்சுத்தான் திருப்பப் பாப்பாங்க. நான் கத்துவேன். நீங்க ஒருத்தர்தான் கையே வைக்கல."

"எல்லாம் சரியாத்தானே இருக்கு," என்றான் அண்ணன். சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பதினொரு மாதமாக அவளுக்கு வெறும் தகரத்தைக் காட்டிய கண்ணாடி, அண்ணனின் முகத்தை முழுசாகக் காட்டியது.

"அண்ணே," என்றாள். "அவர என்ன பண்ணினே?"

உள்ளே காலி சீட் லேசாக முனகியது. கண்ணாடியில் அண்ணனின் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.