பீஷியா பூசிய கிரீஸ்

சுய்லாய் எவரையும் நம்புகிற ஆள் இல்லை. மீன்காரன் தராசில் வைத்தால் அதைத் தன் கையில் தூக்கி இன்னொரு முறை பார்ப்பார். டாக்டர் சொன்னதைக் கம்பவுண்டரிடம் கேட்பார், கம்பவுண்டர் சொன்னதை டாக்டரிடம் போய்ச் சொல்வார். எழுபத்தொரு வயதில் அவர் முழு மனதோடு நம்பியது இரண்டே இரண்டு பொருள். அவருடைய மோட்டார் சைக்கிளின் முன் சக்கரம், பின் சக்கரம்.

அவை பெயின்ட் அடிக்காத வெறும் அலுமினியம். வாங்கிய புதிதில் மேலே வார்னிஷ் மாதிரி ஏதோ பூசியிருந்தது. அதில் ஒரு கல் பட்டு மயிரிழை அளவு பெயர்ந்தது. பெங்ஹு தீவின் காற்றுக்கு அந்த மயிரிழை போதும். உப்பு உள்ளே புகுந்து, வார்னிஷுக்கு அடியில் வெள்ளைப் புழு நெளிந்த மாதிரி கோடு கோடாய் ஓடியது. சுய்லாய் எல்லாவற்றையும் சுரண்டி எறிந்துவிட்டு வெறும் உலோகமாக்கினார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம் அவர்தான் அதற்குக் காவல்.

ஐப்பசியில் கிளம்பும் வாடைக் காற்று பங்குனி வரை நிற்காது. அலையின் தலையைக் கிள்ளியெடுத்து ஊர்மேல் தூவும். அதை அந்த ஊரில் உப்பு மழை என்பார்கள். ஜன்னல் கம்பி கரையும், கதவுக் கீல் உதிரும். அந்தக் காற்றில் சுய்லாய் நாள் தவறாமல் சக்கரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவார். பல் தேய்க்கும் பிரஷால் ஆரக்காலின் இடுக்கெல்லாம் தேய்ப்பார், பழைய பனியனால் ஈரம் ஒற்றுவார். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பாலிஷ் போட்டு எடுப்பார். பத்து நாளுக்கு ஒருமுறை மெழுகு. காலையில் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால், முரசு அடிக்கிற ஆ-முக் அதில் முகம் பார்த்துத் தலை சீவுவான். சுய்லாய் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிற்று. காவ்சியுங் நகரத்து ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்ற வேண்டும், அப்புறம் தைச்சுங்கில் மகள் வீட்டில் இருக்க வேண்டும், மொத்தம் நாற்பத்தைந்து நாள். அதுவும் வாடைக் காற்று உச்சத்தில் இருக்கும்போது. வேறு வழியில்லாமல் எதிர்வீட்டு பீஷியாவிடம் வண்டியை விட்டார். பீஷியா பரங்கிக்காய் போட்ட அரிசிச் சேமியாவும் வஞ்சிர மீன் சூப்பும் விற்கிறவள். புருஷன் மீன்பிடிப் படகில் என்ஜின் பார்க்கிறவன், கரையில் இருப்பதைவிடக் கடலில் இருப்பதுதான் அதிகம். கடைக்குப் பின்னால் கொட்டகை இருந்தது.

"தெனமும் குழாய்த் தண்ணி. கெணத்துத் தண்ணி கூடாது, அது உப்பு. சோடாத் தூள் பக்கத்துலயே கொண்டுபோகாத, கறுத்துப்போயிடும். பத்து நாளைக்கு ஒரு தடவ மெழுகு" என்று சொல்லிப் புது மெழுகு டப்பா ஒன்றையும் கொடுத்தார்.

"சரிண்ணே, சரிண்ணே, கப்பலுக்கு நேரமாச்சு, போ" என்றாள் பீஷியா.

அந்த இரண்டு 'சரிண்ணே'யையும் அவர் நம்பவில்லை.

திரும்பி வரும்போது மகள் யூச்சின் கூடவே வந்தாள். மூன்று நாள் லீவு. விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் விஷயத்தை எடுத்தாள்.

"இனிமே தனியா இருக்க முடியாதுப்பா. விழுந்தா தூக்க ஆள் வேணும். அந்த ஊர்ல உன்னப் பாத்துக்க ஒரே ஒரு ஆளக் காட்டு. நான் வாய மூடிட்டுத் திரும்பிப் போறேன். இல்லன்னா வீட்டப் பூட்டிட்டு என்கூட வா."

சுய்லாய் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். பன்னிரண்டாவது மாடியில் மகள் வீடு. நாற்பத்தைந்து நாளில் அங்கே அவரிடம் பேசியது மின்தூக்கி மட்டும்தான். அதுவும் மாடி எண்ணைத்தான் சொன்னது.

"மொதல்ல என் சக்கரத்தப் பாக்குறேன். எதிர்வீட்டு பீஷியா அத ஒழுங்காப் பாத்துக்கிட்டிருந்தான்னா ஆள் இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

ஊன்றுகோலோடு நேரே கொட்டகைக்குப் போனார். பார்த்ததும் கோல் கையிலிருந்து நழுவியது.

இரண்டு சக்கரத்திலும் மஞ்சள் கிரீஸ் விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. காற்றில் வந்த மணலும் கோழி இறகும் அதில் ஒட்டியிருந்தன. சேற்றில் புரண்டெழுந்த பன்றி மாதிரி நின்றது வண்டி. பக்கத்துப் பலகையில் மெழுகு டப்பா இருந்தது. மூடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கூடக் கிழியவில்லை.

கடைக்குள் ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பீஷியா அகப்பையோடு திரும்பினாள்.

"வந்துட்டியாண்ணே? கால் எப்படி இருக்கு?"

"என் கால விடு. என் வண்டிய என்னடி பண்ணி வெச்சிருக்க? தண்ணி ஊத்துன்னு சொன்னேன். மெழுகு போடுன்னு சொன்னேன். டப்பாவத் தொடக்கூட இல்ல! படகுல மிச்சமான கசடையெல்லாம் கொட்ட என் சக்கரந்தான் கெடைச்சுதா?"

"அண்ணே, கொஞ்சம் கேளு..."

"என்னத்தக் கேக்குறது? சோம்பேறி! முடியாதுன்னா அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கணும். ஒருத்தனயும் நம்பக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நம்பினேன் பாரு!"

மூலையில் ஆ-முக் சேமியாவை உறிஞ்சுவதை நிறுத்தினான். "அடடா, இனிமே நான் எங்கண்ணே தல சீவுறது?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பீஷியா சிரிக்கவில்லை. அகப்பையைச் சட்டியில் போட்டுவிட்டு, கொட்டகையின் பின்கதவை அகலத் திறந்துவிட்டாள். வண்டியை எடுத்துக்கொண்டு போ என்று அர்த்தம்.

வண்டியை யூச்சின்தான் வீட்டு முற்றத்துக்குத் தள்ளி வந்தாள். சுய்லாய் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, "வீட்டப் பூட்டு" என்றார். அவ்வளவுதான். கேட்ட மகளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தான் விரும்பியதுதான் நடக்கிறது, ஆனால் அப்பா ஒரே மதியத்தில் பத்து வயது கூடிப்போன மாதிரி உட்கார்ந்திருந்தார். வண்டியை மாகோங் கடைத்தெருவில் ஒருவனுக்கு விற்றுவிடுவது என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை சுய்லாய்க்கு மனசு கேட்கவில்லை. விற்பதென்றாலும் இந்தக் கோலத்தில் விற்க மானம் இடம் கொடுக்கவில்லை. சுவருக்கு மறைவாகக் காற்று படாத இடத்தில் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தச் சொன்னார். குனியக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால் உயரமான நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, நீளக் கைப்பிடி பிரஷை மண்ணெண்ணெயில் முக்கித் தேய்த்தார். யூச்சின் கீழே உட்கார்ந்து துணியால் வழித்தெடுத்தாள், அவர் சொல்லச் சொல்லச் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள்.

முதலில் அவள்தான் பார்த்தாள். "அப்பா, இங்க எதையோ கட்டியிருக்காங்க."

பிரேக் தட்டைச் சுற்றி மீன் போடுகிற பிளாஸ்டிக் பையை மடித்து, வலை பின்னும் நூலால் நெருக்கமாகக் கட்டியிருந்தது. சொட்டு கிரீஸ் உள்ளே போகவில்லை. தட்டில் கிரீஸ் பட்டால் பிரேக் பிடிக்காது. அது தெரிந்து செய்த கை. அவசரத்தில் கசடைக் கொட்டினவளின் கையாக அது தெரியவில்லை.

சுய்லாய் இன்னும் வேகமாகத் தேய்த்தார். கிரீஸ் விலக விலக அலுமினியம் வெளியே வந்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றித் துடைத்ததும் கண்ணைக் கூசியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஆரக்கால் இடுக்கில் விரலை விட்டுத் தடவினார். ஒரு புள்ளியாவது இருக்கும் என்று தேடினார். உண்மையைச் சொன்னால், ஒரு புள்ளியாவது இருக்க வேண்டுமே என்றுதான் தேடினார். நாற்பத்தைந்து நாள் வாடைக் காற்றில், ஒன்றுகூட இல்லை. அவர் கையால் பார்த்துக்கொண்ட எந்த வருஷமும் அப்படி இருந்ததில்லை. நாள் தவறாமல் கழுவியும் வாரத்துக்கு ஐந்தாறு புள்ளி வரும், பாலிஷ் போட்டு எடுப்பார்.

"இதுல என்னப்பா குறை? பளபளன்னுதானே இருக்கு?" என்றாள் யூச்சின்.

"குறையில்ல." சக்கர விளிம்பில் ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. "இங்க எழுத்து இருந்துச்சு. அச்சுலயே வார்த்த எழுத்து. எட்டு எழுத்து."

"எங்க? காணோமே."

"ஆமா. காணோம்."

உப்பு தின்றிருந்தால் குழி விழுந்திருக்கும், சொரசொரவென்று இருக்கும். இங்கே மொழுமொழுவென்று இருந்தது. ஆரக்காலின் கூர்முனைகூட மழுங்கி நக்கித் தின்ற மிட்டாய் மாதிரி இருந்தது. புள்ளியை எடுக்கப் போட்ட ஒவ்வொரு பாலிஷும் கூடவே கொஞ்சம் உலோகத்தையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. உப்பு தின்றதைவிடத் தான் தின்றது அதிகம் என்று சுய்லாய்க்கு அப்போது புரிந்தது. அத்தனை நாளும் அவர் பார்த்துக்கொண்டது சக்கரத்தையா, ஆ-முக் தலை சீவுகிற அந்தப் பளபளப்பையா? பீஷியாவுக்குப் பளபளப்பு வேண்டியிருக்கவில்லை. சக்கரம் பிழைத்தால் போதும் என்று நினைத்திருக்கிறாள்.

கோலை எடுத்தார். யூச்சின் பின்னாலேயே போனாள்.

கடையில் மூன்று பேர்தான் இருந்தார்கள், அதில் ஒருவன் ஆ-முக். பீஷியா பரங்கிக்காய் சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"புள்ளி இல்ல" என்றார் சுய்லாய்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்? கிரீஸ நீக்கிப் பாத்தியா?"

"படகுல வலை இழுக்கிற உருளை பதினெட்டு வருஷமா கடல்லயே கெடக்கு. அதுக்கு யாரு மெழுகு போட்டா? கிரீஸ்தான் காப்பாத்துது. ரெண்டு நாள் நீ சொன்ன மாதிரியேதான் கழுவினேன். மூணாம் நாள் காலைல பாத்தா வெள்ளையாப் பூத்துக் கெடக்கு. கடையப் பாக்குறதா, உன் சக்கரத்தக் குளிப்பாட்டுறதா? எங்க வீட்டுக்காரரக் கேட்டேன். பூத்தத நல்லாத் தொடைச்சிட்டு, காயவெச்சு, கிரீஸ அப்பி வுடுன்னாரு. பிரேக்க மட்டும் கட்டிடுன்னாரு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எங்கண்ணே வுட்ட?"

சுய்லாய் கோலை இறுக்கிப் பிடித்தார். "தப்பு என்மேலதான்."

பீஷியா இப்போதுதான் நிமிர்ந்தாள். "நேத்து ஆறு பேர் முன்னாடி திட்டின. இன்னைக்கு மூணு பேர்தான் இருக்காங்க."

"மிச்ச மூணு பேர் வீட்டுக்கும் போயி சொல்லவா?"

"அதுக்கென்னண்ணே அவசியம்?" என்றான் ஆ-முக், வாய் நிறையச் சேமியாவோடு. "என்கிட்ட சொல்லிட்டல்ல? ஊருக்கே சொன்ன மாதிரிதான்."

பீஷியா சிரிப்பை அடக்கிக்கொண்டு சீவலைச் சட்டியில் போட்டாள். யூச்சின் முன்னால் வந்தாள். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அப்பா இங்கேயே இருக்க ஆசைப்படுகிறார், பார்த்துக்கொள்ள ஒருத்தர் இருந்தால் போதும், உங்களைக் கேட்கலாமா என்றாள்.

"சக்கரம் வாயில்லாத பொருள்மா. இவரு வாயோட இல்ல வருவாரு?"

"அக்கா..."

"பாத்துக்குறேன். ஆனா என் இஷ்டப்படிதான் பாப்பேன். காலைல ஏழு மணிக்குக் கதவு தொறக்கலன்னா உள்ள வந்துருவேன். என்ன சமைச்சுக் குடுக்கிறேனோ அதத் தின்னணும். இத இப்படிப் பண்ணு, அத அப்படிப் பண்ணுன்னு ஒரு சொல்லு வரக்கூடாது. சம்மதமா, கேளு."

யூச்சின் அப்பாவைப் பார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பேரும் பார்த்தார்கள்.

"சரி. ஆனா..." என்று தொடங்கினார் சுய்லாய்.

"ஆனா கீனா இல்ல."

சட்டி கொதித்தது. சுய்லாயின் தாடை ஒருமுறை அசைந்து நின்றது.

"சரி" என்றார்.

யூச்சின் பையிலிருந்து வீட்டின் இன்னொரு சாவியை எடுத்துக் கொடுத்தாள். பீஷியா ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கி, அரிசித் தூக்குக்குப் பக்கத்து டப்பாவில் போட்டாள். சுய்லாய் கழுத்தை நீட்டினார்.

"எந்த டப்பா? மூடி இறுக்கமா இருக்குமா?"

பீஷியா அகப்பையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

சுய்லாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் முன்னால் வைத்த சூப்பில் உப்பு குறைவாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.