பெயின்ட்டின் மேல் முறுக்கிய போல்ட்

எங்கள் கடையில் வயரிங் செய்த வண்டியில் ஒரு கீறல் இருக்காது. என் தகப்பனார் காலத்திலிருந்தே அந்தப் பெயர் உண்டு. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

விளம்பர வண்டி ஓட்டுகிற ஒருவர், புது வேனில் மூவாயிரம் வாட் ஆம்ப்ளிஃபயர் பூட்டக் கொண்டுவந்தார். வேலையைச் செய்தது என் மருமகள். என் மகனுக்கு வராத தொழில் அவள் கைக்கு வந்திருந்தது. பேட்டரியிலிருந்து விரல் பருமனில் வயர் இழுத்து, ஃபியூஸ் வைத்து, எல்லாம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போனாள். எர்த் வயர் மட்டும் பாக்கி. அதை வண்டியின் தகட்டில் நான் மாட்டினேன். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்டினால்தான் கரண்ட் தடையில்லாமல் ஓடும் என்று எனக்குத் தெரியாதா? புது வண்டியில் உப்புத்தாள் வைக்க மனம் வரவில்லை. அப்படியே முறுக்கிவிட்டேன்.

இரண்டாம் நாளே வேன் திரும்பி வந்தது. சத்தத்தைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபயர் அணைந்துவிடுகிறதாம். நான் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் பத்தலை. பெருசா போடுங்க."

போட்டார். அதன் பிறகும் அணைந்தது. அடுத்த முறை அவர் வந்தபோது கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

"உங்க பேச்சைக் கேட்டு ஆல்டர்னேட்டரையே மாத்திட்டேன், ஐயா. பாதி விளம்பரத்துல வண்டி ஊமையாயிடுது. தெருவே சிரிக்குது."

மருமகள் மீட்டரை எடுத்தாள். பாட்டை அலறவிட்டு அளந்தாள். பேட்டரியில் பதினான்கு வோல்ட், ஆம்ப்ளிஃபயரில் பதினொன்றுதான். எர்த் போல்ட்டைத் தொட்டவள் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அதைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்திருந்தது. ஒரு தரம் என்னைப் பார்த்தாள்.

"என் தப்புதான் அண்ணே. பெயின்ட்டைச் சுரண்டாம எர்த்தை மாட்டிட்டேன்."

"அதானே பார்த்தேன். ஐயா கை பட்டிருந்தா இப்படி ஆகுமா? உனக்கு அடுப்படியே போதும் தங்கச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மறுக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை, தலையை வேறு ஆட்டினேன்.

அவள் சுரண்டி முறுக்கிக் கொடுத்தாள். வேன் முழங்கிக்கொண்டு போனது.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"கடை போர்டுல உங்க பேருதானே மாமா இருக்கு."

மறுவாரம் வேன்காரரின் சிநேகிதர் தன் காரோடு வந்தார்.

"அந்தப் பொண்ணு வேணாம் ஐயா. நீங்களே கை வைங்க."

அவள் மீட்டரை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அந்த எர்த்தை மாட்டினது நான்தான்" என்றேன். அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டு மறுபடியும் சொன்னேன்.

"மருமகளை விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறீங்களே. இந்தக் காலத்துல இப்படி ஒரு மாமனாரா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

 கையை உருவிக்கொண்டேன்.

"இங்க அவதான் வேலை செய்வா. இஷ்டமில்லன்னா வேற கடை பாருங்க."

அவர் வேறு கடை பார்க்கப் போனார்.

"வர்ற வேலையை எதுக்கு மாமா விரட்டுறீங்க?" உள்ளேயிருந்து வந்த குரலில் கோபம் இருந்தது.

நாலு பேர் இருந்த அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அதை அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.